திமிசு போட்ட பாதை

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் ஒரு சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. மேலே தேயிலை, கீழே ஓடை, நடுவில் நாங்கள். மலையில் சமதரை தானாகக் கிடைக்காது, நாமாகச் செய்துகொள்ள வேண்டும். மேல்பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தாங்குசுவருக்குள் கொட்டி, இரண்டும் சேரும் இடத்தில் மட்டம் பிடிப்பார்கள். ஆக, பாதித் தரை என்றைக்கோ உட்கார்ந்துவிட்ட மண். மீதிப் பாதி நேற்று வந்த மண். இரண்டின் மேலும் ஒரே தளத்தைப் போட்டால், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் நடுவே கோடு விழும். நேற்று வந்த மண்ணைப் பழைய மண்ணைப் போல உட்கார வைக்க வேண்டுமென்றால் இடிக்க வேண்டும்.

எங்கள் மேஸ்திரி வந்து பார்த்தார். சுவரோரம் நடந்து, குதிகாலால் மண்ணை ஒரு உதை உதைத்தார். கால் கணுக்கால் வரை இறங்கியது.

"சார், திம்ஸ் போட ஆள் விடவா, குதிக்கிற மிஷினா, தட்டு மிஷினா? வாடகைக் கடையில இன்னிக்கே சொல்லிரணும்."

அவர் கேட்ட மூன்றுக்கும் தனித்தனியே பூர்வீகம் உண்டு. மூன்றும் வெவ்வேறு திசையிலிருந்து கிளம்பி எங்கள் சரிவில் வந்து சந்தித்திருக்கின்றன.

முதலில் திம்ஸ். ஏட்டில் இதன் பெயர் திமிசு. கனத்த கட்டையில் நெட்டுக்குத்தாக ஒரு கம்பு, தூக்கிப் போட்டால் தன் எடையால் மண்ணை அறையும், அவ்வளவுதான் கருவி. தெலுங்கில் இதற்கு திம்மிச என்று பெயர். கன்னடத்திலும் ஒட்டிய சொல்தான். மராத்தியில் தும்மஸ். இந்திக்காரர் துர்முட் என்பார். மலையாளி மட்டும் தனி வழியில் போய் நிலம்தல்லி என்று வைத்துக்கொண்டார், அந்தப் பெயரில் ஒளிவுமறைவே இல்லை. யார் யாரிடம் வாங்கியது என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்களிடம் விட்டுவிடுவோம். ஏரிக்கரை போடவும் கோட்டை கட்டவும் கூட்டம் கூட்டமாக ஊர்விட்டு ஊர் போனவர்களின் தோளில் கட்டையோடு பெயரும் போயிருக்க வேண்டும்.

கடல் தாண்டினால் இன்னும் வேடிக்கை. நடைபாதைக்கு நாம் சொல்லும் 'பேவ்மென்ட்' லத்தீனில் அடித்தல், இடித்தல் என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து பிறந்தது. ரோமானியனுக்குத் தளம் என்றாலே அடித்துச் செய்த ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் கல் பாவும் இடிகட்டைக்கு 'தமுவாசெல்', அதாவது குமரிப்பெண், என்று செல்லப்பெயர் வைத்தார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி வளைந்திருப்பதால், இடுப்பில் கைவைத்து நிற்கும் பெண்ணைப் போல இருக்கிறதாம். அதைத் தூக்கித் தூக்கிப் போட்டவனுக்கு இந்தக் கற்பனை தோன்றியிருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் வைத்த பெயராகத்தான் இருக்கும்.

நம் பக்கத்தில் இந்த வேலையின் உச்சம் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். மேலே கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பார்கள். கட்டை தளத்தில் பட்டு எகிறத் தொடங்கினால் வேலை முடிந்தது என்று கணக்கு. பாட்டு இருக்கும். பாட்டு களைப்புக்கு மருந்து மட்டும் அல்ல, எல்லாக் கட்டையும் ஒரே தாளத்தில் விழ அதுதான் கடிகாரம். சீனாவில் மண் இடித்துச் சுவர் எழுப்பியவர்களுக்கும் இதற்கென்றே பாட்டுகள் இருந்தன. இடிக்கிற கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே முன்பாட்டுக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார்.

இப்போது மலைக்கு வருவோம். 1819 ஜனவரியில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறினார். ஏறியவருக்குக் குளிர் பிடித்துப்போனது, ஆனால் ஏறுவதற்குப் பாதை இல்லை. 1821-இல் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் திம்பட்டிக்குப் பாதை போடும் வேலை தொடங்கியது. லெப்டினன்ட் மெக்பர்சன் மேற்பார்வை. 1823-இல் முடிந்தது. அடுத்து, 1830-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் பயனீர்ஸ் படையினர் குன்னூர்ப் பக்கம் மலைப்பாதை வெட்டினார்கள். அது செங்குத்தாக இருந்தது, மாடுகள் நுரை தள்ளின. 1871-இல் கர்னல் லா வளைத்து வளைத்துச் சாய்வைக் குறைத்துப் போட்ட சாலைதான் இன்று நாம் மேட்டுப்பாளையத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுவது. குன்னூருக்குக் கீழே உள்ள லாஸ் அருவி அவர் பெயரில் இருக்கிறது.

சல்லிவன் பாதை போட்ட அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சாலைச் சாமியாராகிக்கொண்டிருந்தார். ஜான் லவுடன் மெக்காடம். 1756-இல் பிறந்தவர், 14 வயதில் நியூயார்க்கில் வியாபாரம் செய்த சித்தப்பாவிடம் அனுப்பப்பட்டவர். அமெரிக்கச் சுதந்திரப் போர் வந்தது. பிடிபட்ட கப்பல்களின் சரக்கை விற்றுக்கொடுக்கும் ஏஜென்டாக இருந்து பணம் பார்த்தார். போரில் பிரிட்டன் தோற்றதும் 1783-இல் ஊர் திரும்பினார். நிலம் வாங்கினார், தார் காய்ச்சும் தொழிலிலும் கைவைத்தார், வீட்டு முன்னால் போகும் சாலை மோசமாக இருந்ததால் சாலைப் பைத்தியம் பிடித்தது. 1816-இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளுக்கு சர்வேயர் ஆனார்.

அவர் சொன்னது சுருக்கமானது. கீழே பெரிய கல் வேண்டாம். உடைத்த சின்னக் கல்லை மட்டும் பரப்பு. மேலே மண், சுண்ணாம்புக் கல்தூள் எதுவும் போடாதே. கல்லுக்குக் கல் கோணம் மாட்டிக்கொண்டு தானே பூட்டிக்கொள்ளும். இடிக்கவும் வேண்டாம், உருட்டவும் வேண்டாம், போகிற வண்டிகளே இறுக்கிவிடும். கல்லின் அளவுக்குச் சோதனை? உடைப்பவர் வாயில் அடங்க வேண்டும். ஒரு ஊரில் கல் பெரிது பெரிதாக வருகிறதே என்று போய்ப் பார்த்தால், உடைப்பவருக்குப் பல்லே இல்லையாம், வாய் அகலமாகத் திறந்ததாம். நடந்ததோ கட்டினதோ, நல்ல கதை.

இந்த முறை கப்பலேறி இந்தியா வந்தபோது தமிழ் தன் சமையலறையில் சொல் தேடியது. மாவு இடித்துச் சலிக்கும்போது சல்லடையில் தங்கும் முரட்டு நொய்க்குக் கப்பி என்று பெயர். உடைத்த கல்லுக்கும் அதையே வைத்தோம். கப்பி ரோடு. இன்னும் பொடிந்தால் சல்லி, பேச்சில் ஜல்லி. சில்லறைக் காசும் சல்லிதான். மாட்டின் கொம்பில் கட்டிய சல்லிக்காசிலிருந்துதான் ஜல்லிக்கட்டே வந்தது என்பார்கள். எங்கள் மேஸ்திரியின் குடும்பம் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து நீலகிரிக்கு வந்தது. அவர்கள் வீட்டில் சல்லி என்றால் இன்றும் பணம். "சல்லி இறங்கிருச்சு, சல்லி குடுங்க" என்று அவர் கேட்டபோது முதல் சல்லி லாரியில் வந்தது, இரண்டாவது என் பையிலிருந்து போனது.

மெக்காடம் பெயருக்கு நேர்ந்த கதியைச் சொல்லாமல் நகர முடியாது. அவரைப் பார்த்துச் செய்தவர்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள், சொன்னதை விட்டுவிட்டார்கள். கீழே பெரிய கல் வேண்டாம் என்றார். அவருடைய போட்டியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் வழியில் கீழே கை அளவுக் கல்லை நிறுத்தி அடுக்கினோம், அதுதான் நம் சோலிங். கல்தூளும் மண்ணும் கூடாது என்றார். தூளைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தோம். உருட்ட வேண்டாம் என்றார். பத்து டன் உருளையை ஏற்றினோம். இவ்வளவும் செய்துவிட்டு, அரசு டெண்டரில் இன்றுவரை 'வாட்டர் பவுண்ட் மெக்காடம்' என்று எழுதுகிறோம். அவர் படித்தால் தன் பெயரை எடுத்துவிடச் சொல்வார்.

ஆனாலும் நகலெடுத்தவர்கள் செய்ததுதான் சரி. வண்டிகளே இறுக்கும் என்பது இங்கிலாந்தின் அகலச் சக்கரங்களுக்கு ஓரளவு பொருந்தும். இரும்புப் பட்டை போட்ட நம் மாட்டுவண்டியின் ஒடுக்கமான சக்கரம் இறுக்காது, அறுக்கும். கூடவே, ஆறு மாதம் தடுமாறும் கல்லின் மேல் ஓட்டிச் சாலையை முடித்துக்கொடுக்க எந்த வண்டிக்காரனும் ஒப்பந்தம் போடவில்லை. பிரான்சில் 1787-லேயே செசார் என்ற என்ஜினியர் வார்ப்பிரும்பு உருளையால் சாலையை இறுக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தார். இங்கே கல்லிலேயே உருளை செதுக்கி மாட்டையும் ஆளையும் பூட்டி இழுத்தார்கள். பழைய சாலையோரங்களிலும் பள்ளி மைதானங்களிலும் பாதி புதைந்து கிடக்குமே, பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து நிலக்கடலை தின்னும் அந்த உருளை. கிரிக்கெட்டில் அதற்கு இன்னும் சட்டமே உண்டு. பேட் பிடிக்கப்போகும் அணித் தலைவர் கேட்டால், ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸ் நீங்கலாக, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் முன்னால் ஏழு நிமிஷம் வரை பிட்ச்சை உருட்டலாம்.

அடுத்த தாவலுக்குக் காரணம் கல்கத்தா. 1859-இல் பிரான்சின் லெமுவான் நீராவி உருளைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆங்கிலேயர் பக்கம் அதைச் செய்யத் துடித்தவர் லண்டன் ஆள் இல்லை, கல்கத்தா நகராட்சியின் என்ஜினியர் வில்லியம் கிளார்க். பர்மிங்ஹாமின் பேத்தோ என்பவருடன் சேர்ந்து 1863 வாக்கில் வரைந்தார், அங்கேயே செய்து கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார்கள். பிரிட்டனில் பிறந்த முதல் நீராவி ரோலர் அது என்பார்கள், அதன் சொந்த ஊர் நம் நாட்டில். இரண்டு வருஷம் கழித்து 1865-இல் கென்ட் மாவட்டம் ராச்செஸ்டரைச் சேர்ந்த தாமஸ் ஏவ்லிங் தன் ரோலரை ஓட்டிக் காட்டி, தொழிற்சாலை போட்டு உலகமெங்கும் விற்றார். அவர் கம்பெனி ரோலர்களின் மூக்கில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் குதிரை இருக்கும். அது கென்ட்டின் சின்னம். உள்ளூர்க் குதிரைகள் என்னவோ அந்த ரோலரைக் கண்டு மிரண்டன. அதே 1865-இல் பிரிட்டன் போட்ட சட்டப்படி, சாலையில் ஓடும் எந்த நீராவி வண்டிக்கும் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். நடை வேகத்துக்கு மேல் ரோலருக்கும் போகத் தெரியாது என்பதால் இந்தச் சட்டத்தால் நஷ்டப்படாத வண்டி அது ஒன்றுதான்.

கல்கத்தா என்றதும் இன்னொரு முடிச்சு. அந்த நகரத்துக்கு வித்திட்டவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் உள்ளூர்க் கல் இல்லை. சென்னைப் பக்கத்திலிருந்து போனது. 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தப் பாறை வகைக்கு சார்னாக்கின் பெயரையே வைத்தார், சார்னக்கைட். பல்லாவரம், பரங்கிமலையில் இருக்கும் இதே வகைதான் நீலகிரி மலையின் எலும்பும். அது மக்கி மக்கித்தான் எங்கள் சரிவின் செம்மண் ஆனது. ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்டின் கல்லறையும் என் வீட்டு அடிமனையும் ஒரே ஜாதிக் கல் என்பதை வீட்டில் சொன்னேன். வரவேற்பு இல்லை.

நீராவி போய் டீசல் வந்தது. கல்கத்தாவின் ஜெஸ்ஸாப் கம்பெனி செய்த மூன்று சக்கர ரோலர் இந்தியா முழுக்க உருண்டது. முன்னால் ஒரு அகலமான உருளை, பின்னால் இரண்டு சக்கரம், மேலே ஒரு தகரக் கூரை, அதன் கீழே ஒருவர் உலகத்தில் எந்த அவசரமும் இல்லாதவராக உட்கார்ந்திருப்பார். கூடலூரிலிருந்து வயநாடு வழியாக இறங்கினால் வரும் கோழிக்கோட்டில் இதற்கு சினிமாப் புகழே உண்டு. 1988-இல் வந்த பிரியதர்ஷனின் 'வெள்ளானகளுடெ நாடு' படத்தில் மோகன்லால் வைத்திருக்கும் ஓடாத ரோலரும், அதைப் பழுதுபார்க்க வரும் குதிரவட்டம் பப்புவும், தாமரசேரி சுரம் பற்றிய அவர் அளப்பும் மலையாளிகளுக்கு மனப்பாடம். அந்த ரோலர் பின்னாளில் ஏலத்துக்கு வந்தபோது நடிகர் ஓய்வு பெற்ற மாதிரி செய்தி போட்டார்கள்.

இவ்வளவு நாளும் எல்லோரும் எடையைத்தான் நம்பினார்கள். எவ்வளவு கனமோ அவ்வளவு இறுகும். இந்த நம்பிக்கையை முதலில் அசைத்தவை ஆடுகள் என்று ஒரு கதை. 1900-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் புதிதாகப் போட்ட சாலையின் மேல் பெரிய ஆட்டுமந்தை ஒன்று நடந்துபோனது. கெடுத்துவிட்டன என்று போய்ப் பார்த்தால், குளம்பு குத்திய இடமெல்லாம் அடிவரை கெட்டியாக இருந்ததாம். உருளை மேலோட்டைத்தான் அழுத்துகிறது, குளம்போ சின்ன இடத்தில் மொத்த எடையையும் இறக்கி அடியிலிருந்து இறுக்குகிறது. அப்படிப் பிறந்ததுதான் உருளையைச் சுற்றிக் குமிழ் குமிழாக வைத்த 'ஆட்டுக்கால் ரோலர்'. அணைக்கட்டு வேலைகளில் பார்க்கலாம். ஏரிக்கரையில் மாட்டை விட்டு மிதிக்கச் செய்த நம் பெரியவர்களிடம் இதைச் சொன்னால், இதற்கா காப்புரிமை என்று கேட்டிருப்பார்கள்.

அதே கலிஃபோர்னியாவில் அடுத்து நடந்தது துக்கம். 1928 மார்ச் 12 நள்ளிரவுக்குச் சற்று முன் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே செயின்ட் ஃபிரான்சிஸ் அணை உடைந்து நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். அணையின் ஒரு தோள் பழைய நிலச்சரிவின் மேல் ஊன்றியிருந்தது. நீலகிரியில் வீடு கட்டுகிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம். உடைந்த அணைக்கு மாற்றாக பூக்கே கான்யனில் மண் அணை கட்ட முடிவானது. ஊரே பயந்திருந்தது. மண்ணை இறுக்கிவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, எண்ணால் காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பில் இருந்தவர் ரால்ஃப் பிராக்டர் என்ற என்ஜினியர். 1933-இல் அவர் நான்கு கட்டுரை எழுதினார். அதில் இருந்த விஷயம் இது: மண் காய்ந்திருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நகராது. தண்ணீர் அதிகமானால் அடியைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும், மண் பிதுங்கும். நடுவே ஒரு ஈரப்பதம் இருக்கிறது. அந்தப் பதத்தில் அதே அடிக்கு மண் அதிகபட்சமாக நெருங்கும். பதம் மண்ணுக்கு மண் மாறும்.

நம் இந்தியத் தரநிலைச் சோதனையும் அதன் வழிதான். ஒரு சின்ன அச்சில் மூன்று அடுக்காக மண்ணைப் போட்டு, 2.6 கிலோ சுத்தியலை 310 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து அடுக்குக்கு 25 தடவை விட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கோட்டுப் போட்டவர் செய்கிற திமிசு, வேறொன்றும் இல்லை. எங்கள் மேஸ்திரிக்கு பிராக்டரைத் தெரியாது. ஒரு கைப்பிடி செம்மண்ணை எடுத்து இறுக்கினார். உருண்டை நின்றது. கட்டைவிரலால் தட்டினார். இரண்டாக உடைந்து உதிர்ந்தது, கையில் ஒட்டவில்லை. "புட்டு மாவுப் பதம் வந்துருச்சு. இன்னும் தண்ணி விட்டா களி." பிராக்டரின் நான்கு கட்டுரைக்கு இதைவிட நல்ல தமிழாக்கம் எனக்குத் தெரியவில்லை.

பதம் கிடைத்தது, இனி இயந்திரம் சின்னதாக வேண்டும். அதைச் செய்தவர்கள் ஜெர்மானியர்கள். டெல்மாக் கம்பெனி எண்ணெயை உள்ளே வெடிக்கச் செய்து அந்தரத்தில் எகிறி விழும் ஓர் இடிப்பான் செய்தது. அரை டன் எடையுள்ள அந்தப் பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் தவளை. 1848-இல் டிரெஸ்டனில் ஒரு கொல்லர் தொடங்கிய வாக்கர் பட்டறை, 1930-இல் மின்சாரத்தில் குதிக்கும் இடிப்பானைக் கொண்டுவந்தது. ஒரே ஆள் பிடித்து நடத்தலாம். இன்று வாடகைக் கடைகளில் நிற்கும் குதிக்கிற மிஷினுக்கு அதுதான் பாட்டனார். அதிரும் தட்டும் 1930-களின் ஜெர்மனியில்தான் உருவம் பெற்றது. எடையை விட அதிர்வு ஜல்லிக்கு நன்றாக வேலை செய்கிறது என்று கண்டார்கள். படியில் அரிசி அளக்கும்போது ஒரு தட்டுத் தட்டினால் இன்னும் ஒரு பிடி கொள்ளும் அல்லவா, அதே கணக்கு. போருக்குப் பின் 1957-இல் ரைன் நதிக்கரை போப்பார்டில் தொடங்கிய போமாக், இரட்டை உருளை அதிர்வு ரோலரைக் கைக்கு அடக்கமாகச் செய்து பெயர் வாங்கியது. பிறகு ஜப்பான்காரர்கள் மெலிதாக்கினார்கள், சீனாக்காரர்கள் மலிவாக்கினார்கள். இன்று ஒரே தட்டில் ஜப்பான் பெயருள்ள இன்ஜின், சீன உடல், கோயம்புத்தூர் வெல்டிங் என்று மூன்று நாடும் இருக்கும்.

பெயர்களின் பயணம் தனி. லண்டனில் வீட்டின் பின்புறம் நீட்டிக் கட்டும் நம் ஆட்களைக் கேட்டால், உடைந்த செங்கல்லும் கான்கிரீட்டும் கொட்டிய அடித்தளத்தை 'ஹார்ட்கோர்' என்பார்கள், அதை இறுக்க 'வேக்கர்' வாடகைக்கு எடுத்தேன் என்பார்கள். ஓங்கி அடிப்பதற்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு வினை இருப்பதால் காரணப்பெயர் என்றே அந்த ஊரார் பலர் நம்புகிறார்கள், எழுத்துக்கூட்டலையும் அதற்குத் தக்கபடி மாற்றிவிட்டார்கள். உண்மையில் அது டிரெஸ்டன் கொல்லரின் குடும்பப் பெயர். சிரிக்க வேண்டாம். மண் வாரும் எந்த மஞ்சள் வண்டியையும் நாம் ஜேசிபி என்கிறோம், அது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக்காரரின் முதலெழுத்துகள். பொக்லைன் என்கிறோம், அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனி, எல் அண்ட் டி வழியாக இந்தியாவுக்கு வந்தது. நீலகிரியில் இந்த இரண்டையும் மலைச்சரிவில் இறக்க ஆட்சியர் அனுமதி வேண்டும். காரணம் இருக்கிறது. 1993-இல் மரப்பாலத்தில் மலை இறங்கியது. 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்கச் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சரியாக இறுக்காத கொட்டல் மண் இந்த மழையில் தண்ணீரைக் குடித்து ஊதி, தாங்குசுவரைத் தோளால் தள்ளும்.

இனி மேஸ்திரி கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாங்கள் முடிவுசெய்தது இப்படி. கீழ்ப்பாதியில் மூன்றடி கொட்டல், எல்லாம் களி கலந்த செம்மண். களிக்கு அதிர்வு ஏறாது, குத்துத்தான் வேண்டும். ஆகவே குதிக்கிற மிஷின். ஆறு அங்குலத்துக்கு ஒரு அடுக்கு, ஆறு அடுக்கு. மூன்றடியையும் ஒரே நாளில் கொட்டிவிட்டு மேலே மட்டும் ஓட்டினால் அப்பளம் போல மேலே ஓடு, உள்ளே பொக்கு. இதைத்தான் பாதிப் பேர் செய்கிறார்கள். அதற்கு மேல் சோலிங், ஒன்றரை அங்குல ஜல்லி, இடுக்கில் கிரஷர் தூள். அங்கே தட்டு மிஷின், ஏனென்றால் கல் துகள் அதிர்ந்தால் தானே இடம் பார்த்து உட்காரும். சின்ன ரோலர் கொண்டுவரலாமே என்று சமவெளி உறவினர் ஒருவர் போனில் சொன்னார். ரோட்டிலிருந்து எங்கள் இடத்துக்கு வழி என்பது தேயிலைக்கு நடுவே 60 படி. குதிக்கிற மிஷின் சுமார் 70 கிலோ, மூங்கில் கட்டி இரண்டு பேர் தோளில் இறக்கினார்கள். தட்டுக்கு நாலு பேர் பிடித்தார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மிஷின் முதல் அரைமணி இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது. குன்னூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,850 மீட்டர். காற்று மெலிந்துவிடுவதால் பெட்ரோல் இன்ஜின் இங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். கார்புரேட்டரைத் திருகிச் சரிசெய்த பையன், "கீழ இருந்து வர்ற மிஷினுக்கும் குளிரு பழகணும் சார்" என்றான். பலம் குறைந்ததற்கு ஈடாக அடுக்குக்கு இரண்டு நடை கூட்டினோம்.

தாங்குசுவரிலிருந்து மூன்றடிக்குள் மிஷின் எதையும் விடவில்லை. புதுச் சுவர், பின்னாலிருந்து குதிக்கிற மிஷின் மோதினால் வயிறு தள்ளிவிடும். அந்த ஓரத்துக்கென்று மேஸ்திரி முன்தினமே ஒரு நாலு லிட்டர் பெயின்ட் டப்பாவில் கான்கிரீட் ஊற்றி, நடுவில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, ராத்திரி முழுக்கக் காயவைத்திருந்தார். டப்பாவில் கம்பெனிப் பெயர் பாதி தெரிந்தது. ஒரு அம்மாவும் ஒரு பையனும் அதை மாறி மாறித் தூக்கிப் போட்டார்கள், நாலு அங்குலத்துக்கு ஒரு அடுக்காக. பாட்டு இல்லை, பையனின் போனில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மிஷின் இரண்டும் சாயங்காலம் படியேறிக் கடைக்குத் திரும்பிவிட்டன. சுவரோரம் முடிய இன்னும் ஒன்றரை நாள் ஆயிற்று.